அக்காவின் லென்ஸ் டப்பா

அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே நிற்கும் கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்குவாள். பொழுதுக்கும் குனிந்தே பார்க்கிற வேலை. மூக்குக்கண்ணாடி வழுக்கி வழுக்கி விழுந்ததில் வெறுத்துப்போய்த்தான் லென்ஸுக்கு மாறினாள்.

தங்கைக்குக் கண் மருத்துவமனையின் கிருமி ஆய்வகம். "பூஞ்சை வளர்த்தே சம்பளம் வாங்குறா" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த அக்கா ஒருநாள் காலையில் வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஆய்வக வாசலில் வந்து நின்றாள். வெளிச்சம் பட்டாலே கண்ணில் நீர் கொட்டியது.

"தூசின்னு நினைச்சேன்டி. மருந்துக்கடையில சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், கேக்கல."

தங்கை திட்டிக்கொண்டிருக்கவில்லை. கையைப் பிடித்து நேரே டாக்டரிடம் அழைத்துப்போனாள். கருவிழியில் பாலாடை போல ஒரு புண். டாக்டர் அதை லேசாகச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, மருந்தைத் தொடங்கினார்.

"லென்ஸ் டப்பாவைக் குடு. லென்ஸ் ஊறவைக்கிற தண்ணி பாட்டிலையும் குடு," என்றாள் தங்கை.

"அது எதுக்கு? நான் என்ன அழுக்குப் பிடிச்சவளா?"

"உன்னை யாரு சொன்னா? எனக்குச் சந்தேகம் அந்தத் தண்ணி மேலதான்."

முறைத்துக்கொண்டே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் அக்கா.

கண்ணிலிருந்து சுரண்டியதில் எதுவும் வளரவில்லை. கடை மருந்து கிருமியை ஒழிக்காமல், அதன் தடயத்தை மட்டும் மறைத்துவிட்டது. பாட்டிலில் இருந்த தண்ணீரும் சுத்தம். ஆனால் டப்பாத் தண்ணீரைத் தடவிய, கிருமி வளர்க்கும் தட்டு மூடியைத் திறக்காமலே கதை சொன்னது. தட்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. விட்டுவைத்தால் கருவிழியையே கரைத்துவிடும் ஜாதி அது. எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்கு அசையாது என்பதையும் பார்த்து முடித்துவிட்டு, தட்டோடு டாக்டர் அறைக்குப் போனாள் தங்கை.

"டப்பாவுல இருக்கறதுதான் கண்ணுலயும் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?" டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி.

"சத்தியம் பண்ண முடியாது, டாக்டர். ஆனா இப்பப் போடுற மருந்துக்கு இது சாகல. புண்ணும் குறையல. ரெண்டும் ஒத்துப்போகுது. மருந்தை மாத்திரலாம்னு நினைக்கிறேன்."

டாக்டர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

மணிக்கொரு தரம் சொட்டு விடுவது தங்கையின் பொறுப்பானது. கட்டிலில் மல்லாந்து கிடந்தவளிடம் கேட்டாள்: "லென்ஸைக் கழட்டி வைக்கும்போது என்ன பண்ணுவ? மறைக்காம சொல்லு."

"டப்பாவுல முந்தின நாள் தண்ணி இருக்கும். மேல கொஞ்சம் புதுசு ஊத்தி நிரப்புவேன்."

"பழசைக் கொட்ட மாட்டியா?"

"தெளிவாத்தானேடி இருக்கு."

"அதுல இருக்கற மருந்து ஏற்கெனவே செலவாயிடுச்சு. நீ ஊத்துற புதுசும் அதோட சேர்ந்து நீர்த்துப்போகுது. கிருமி பாசி மாதிரி டப்பாவுல ஒட்டிக்கிட்டு சுகமா வளருது."

"அப்போ உன்னைவிட நல்லாவே வளர்த்திருக்கேன்," என்றாள் அக்கா. தங்கைக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேருமே சிரித்தார்கள். அக்காவுக்குக் கண் வலித்தது.

மாற்றிய மருந்து வேலை செய்தது. முதலில் வலி விட்டது, அப்புறம் சிவப்பு வடிந்தது. கருவிழியின் ஓரத்தில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. நடுவில் விழுந்திருந்தால் கிரேனை மறந்திருக்க வேண்டியதுதான். துறைமுகத்தின் பார்வைச் சோதனையில் கடைசி வரி எழுத்துகளைத் தடுமாறாமல் வாசித்தாள் அக்கா.

வேலையில் திரும்பச் சேர்ந்த அன்று தங்கைதான் வண்டியில் கொண்டுபோய் விட்டாள். லென்ஸுக்குப் பதிலாக, பட்டை வைத்த மூக்குக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அக்கா ஏணியில் ஏறினாள். கீழே நின்ற மேற்பார்வையாளர் வாக்கிடாக்கியில் கேட்டார்: "கண்ணு சரியாத் தெரியுதாம்மா?"

"உங்க சட்டையில மேல் பட்டன் இல்லைங்க," என்றது மேலிருந்து வந்த குரல். "தள்ளி நில்லுங்க, பெட்டியை இறக்கறேன்."