தொட்டிக்குள் முதலில் இறங்கியவள்

விராலிமலையைத் தாண்டி மதுரை போகிற பெரிய சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ரகுநாத் என்பவர் அதை வாங்கினார். பெயின்ட் அடித்தார், வாழைமரத்துக்குச் சொல்லிவைத்தார், வெள்ளிக்கிழமை காலை திறப்பு விழா என்று பத்திரிகையும் கொடுத்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் மண்ணுக்கு அடியில் இருக்கும் இரண்டு தொட்டிகளின் நினைவு அவருக்கு வந்தது. ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். உள்ளே பழைய எண்ணெயும் துருவும் சேர்ந்து கசடாகப் படிந்திருந்தன. ஆள் இறங்கிச் சுரண்டி எடுத்தால்தான் புது எண்ணெய் ஊற்ற முடியும்.

அந்த வேலைக்குத் திருச்சிக் கம்பெனி ஒன்று கலைமதியைப் பொறுப்பாக அனுப்பிவைத்தது. குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது, கெமிஸ்ட்ரி படித்தவள். இதற்கு முன் நான்கு தொட்டிகளில் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். தன் கையெழுத்தில் ஆளை இறக்குவது இதுதான் முதல் தடவை.

இறங்க வேண்டிய ஆட்கள் யார் தெரியுமா, கண்ணுகளா? அவளுடைய சொந்தத் தாய்மாமன் சேவுகனும் அவர் கூட்டமும்தான். கிணறு வெட்டுகிறவர்கள். குறுகலான இடத்துக்கும் கயிற்றுக்கும் பழகியவர்கள் என்பதால் கம்பெனி அவர்களைக் கூப்பிட்டு, மூன்று நாள் பயிற்சி கொடுத்துச் சேர்த்திருந்தது.

சேவுகனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கலைமதிக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அப்பா பழனிச்சாமி ஒரு பாழுங்கிணற்றில் தூர் எடுக்க இறங்கினார். அன்றைக்கு என்ன அவசரமோ, விளக்கு இறக்கிப் பார்க்கவில்லை. பழைய கிணற்றில் கயிறு கட்டி எரிகிற விளக்கை இறக்குவார்கள். சுடர் அணைந்தால் கீழே மூச்சுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம், ஆள் இறங்கக் கூடாது. விளக்கு இறங்காத அந்தக் கிணற்றிலிருந்து பழனிச்சாமியைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். அதற்குப் பிறகு சேவுகன் கூட்டத்தில் விளக்கு இறங்காமல் ஒரு ஆள் இறங்கியது கிடையாது, ஒரு உயிரும் போனது கிடையாது. அக்காள் மகளை அவர்தான் வளர்த்தார், அவர்தான் படிக்கவைத்தார்.

புதன்கிழமை காலை வேலை தொடங்கியது. கேட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து எல்லாருடைய போனையும் தீப்பெட்டியையும் கலைமதி வாங்கிப் போட்டுக்கொண்டாள். தொட்டியில் மிச்சம் இருந்த பெட்ரோலை இறைத்தார்கள். பிறகு மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்த மருந்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அது செய்கிற காரியம் மட்டும் நமக்குப் போதும். பெட்ரோலைப் பொடித்துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் தண்ணீருக்குள் பூட்டிவிடும். பூட்டிய துளியிலிருந்து ஆவி எழும்பாது, ஆவி இல்லாவிட்டால் தீ பிடிக்காது. தீயணைக்கிறவர்களும் இதே சாதி மருந்தைத்தான் லாரி கவிழ்ந்து எண்ணெய் ஓடுகிற இடத்தில் அடிக்கிறார்களாம்.

பதினோரு மணிக்குக் கலைமதி மீட்டரின் குழாயைத் தொட்டிக்குள் விட்டு மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் பார்த்தாள். வெடிக்கிற ஆவி சுழியம். மூச்சுக்காற்று சரியாக இருந்தது. அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"இறங்கலாம் மாமா" என்றாள்.

சேவுகன் துணிப்பையிலிருந்து பித்தளை விளக்கை எடுத்தார். திரி ஏற்கெனவே எண்ணெயில் நனைந்திருந்தது. அவர் கேட்டில் கொடுத்தது ஒரு தீப்பெட்டிதான். இன்னொன்று இடுப்பு மடிப்பில் இருந்தது. குச்சியை எடுத்துப் பெட்டியில் உரசப் போகிற நேரத்தில் கலைமதி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மறு கையால் தீப்பெட்டியைப் பிடுங்கிப் பக்கத்து மருந்துத் தண்ணீர் டிரம்மில் போட்டாள்.

அவருடைய கையை இதுவரை அப்படி யாரும் பிடித்ததில்லை.

"கிணத்துல காத்து இல்லன்னா வெளக்கு அணையும். இங்க அது அணையாது மாமா, நம்மதான் அணைவோம்."

"ஒன் மீட்டரு சொன்னா போதுமா ஆத்தா? அது மூச்சு விடுமா? வெளக்கு நம்மள மாதிரி மூச்சு விடுது. அதான் அத நம்புறேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "வெளக்கு எறங்காத எடத்துல எங்காளு எறங்க மாட்டான். ஒங்கப்பனோட அது முடிஞ்சுபோச்சு."

ரகுநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ஆட்கள் முடியாதென்றால் வேறு ஆட்களைக் கொண்டுவரலாமே, மதியத்துக்குள் கிடைப்பார்கள் என்றார். அவர் சொன்ன ஆட்கள் எப்படி இறங்குவார்கள் என்று கலைமதிக்குத் தெரியும். மீட்டரும் இருக்காது, விளக்கும் இருக்காது.

கூட்டத்தில் இளையவன் நிலவழகன் பல்லைக் குத்திக்கொண்டே ஒரு பேச்சுப் போட்டான். "நம்ம கூட்டத்துல எறங்கலாம்னு சொல்ற ஆளுதானே முதல்ல எறங்கணும்? கலை கழுத்துல கார்டு மாட்டிருக்கு. அதெல்லாம் எறங்காதுப்பா."

கேலிதான். ஆனால் வழக்கம் அப்படித்தான். இதுநாள்வரை எந்தக் கிணற்றிலும் முதல் கால் சேவுகனுடையது. கலைமதி தொப்பியை இறுக்கினாள். காற்றுக் குழாய் வைத்த முகமூடியை எடுத்தாள். மீட்டரை நெஞ்சில் மாட்டினாள்.

சேவுகன் வழியை மறித்தார். அக்காளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார். அவர் முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் அவர் மனைவி பொன்னுத்தாய் எழுந்து வந்தாள். இந்தக் கூட்டத்தில் கயிறு பிடிப்பது எப்போதும் அவள்தான்.

"நீ அங்கிட்டுப் போ" என்றாள் புருஷனிடம். "ஒன்னய முப்பது வருசமா நாந்தான் எறக்கி ஏத்துறேன். புள்ளைய விட்ருவேனா? வா கலை, இடுப்பக் காட்டு."

கலைமதி இறங்கினாள். மேலே நின்றவர்களுக்குக் கயிறு நகர்வது மட்டும்தான் தெரிந்தது. உள்ளே அவள் விளக்கை அடித்துப் பார்த்தாள். அது தீப்பொறி வராத பாட்டரி விளக்கு. சுவர் சுத்தமாக இருந்தது. மீட்டரில் சுழியம். கோடிவரைக்கும் நடந்தாள். மூலையில் கசடு தோசைக்கல் கருக்கு மாதிரி காய்ந்து கிடந்தது. அதில் கால் வைத்தாள். மேல்ஓடு உடைந்து பாதம் புதைந்தது, மீட்டர் கத்த ஆரம்பித்தது.

அந்த ஓட்டுக்கு அடியில் பெட்ரோல் உயிரோடு இருந்திருக்கிறது, கண்ணுகளா. மருந்து மேலே ஓடியதே தவிர அடியில் போகவில்லை. அவள் காலை உருவி, தூக்கச் சொல்லிக் கயிற்றை மூன்று தடவை இழுத்தாள். பொன்னுத்தாய் கயிறு சுற்றும் உருளையின் கைப்பிடியைச் சுற்றிய வேகத்தில் வளையல் ஒன்று உடைந்து விழுந்தது.

மேலே வந்து முகமூடியைக் கழற்றினாள் கலைமதி. மீட்டரைச் சேவுகனிடம் நீட்டி அது காட்டிய எண்ணைப் பார்க்கச் சொன்னாள். பிறகு தான் கையெழுத்துப் போட்ட சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"தப்பு என்னோடது. கசடக் கெளறாம அளந்துட்டேன். இன்னும் யாரும் எறங்கக் கூடாது."

ரகுநாத் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, பத்திரிகை, வருகிற பெரிய மனிதர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கலைமதி பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும், ஆவி அடங்குகிற நேரத்தில்தான் ஆள் இறங்கும், அதை வெள்ளிக்கிழமையால் அவசரப்படுத்த முடியாது சார் என்றாள். வேண்டுமானால் எழுதியும் தருகிறேன் என்றாள். அவர் எழுதித் தரச் சொல்லவில்லை.

சேவுகன் மீட்டரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். எண் மெல்லக் குறைந்து சுழியத்துக்கு வந்ததைக் கடைசிவரை பார்த்தார். பிறகு தொட்டியின் வாயைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பித்தளை விளக்கையும் பார்த்தார். சுடரோடு அது கயிற்றில் இறங்கி அந்த மூலையைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளக்கைத் துணியில் சுற்றி, தானே கொண்டுபோய்க் கேட்டில் இருந்த வாளியில் போட்டுவிட்டு வந்தார்.

"கசட மேல இருந்தே ஒடைக்கலாம்" என்றார். "நீளக் கம்பிக் குழா இருக்கா? கெணத்துல பாறை இடுக்குல தண்ணி அடிக்கிறாப்புல சாச்சு அடிக்கணும். இரும்புன்னா பொறி பறக்கும், கம்பி இரும்பா இருக்கக் கூடாது, அம்புட்டுத்தானே?"

அவ்வளவுதான் மாமா என்றாள் அவள்.

நாலு மணி நேரம் ஆயிற்று. சேவுகன் பித்தளைக் குழாயை உள்ளே விட்டு ஓடு ஓடாகப் பெயர்த்தார். நிலவழகன் மருந்தைப் பீய்ச்சினான். அழுக்குத் தண்ணீரை இறைத்து, மறுபடி பீய்ச்சினார்கள். கலைமதி இந்தத் தடவை கழியால் கசடைக் கிளறிக் கிளறி ஆறு இடத்தில் அளந்தாள். ஆறு இடத்திலும் சுழியம். புதுச் சீட்டு எழுதினாள். மறுபடியும் அவள்தான் முதலில் இறங்கினாள். மூலையில் நின்று காலால் மிதித்துப் பார்த்தாள். மீட்டர் வாய் திறக்கவில்லை.

அவள் ஏறிவந்ததும் சேவுகன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மீட்டரை வாங்கித் தன் சட்டையில் மாட்டினார். இறங்கிப் பொழுது சாய்வதற்குள் கசடு முழுவதையும் வாளி வாளியாக மேலே அனுப்பினார்.

மறுநாள் காலை டீசல் தொட்டி. மருந்து அடித்து முடித்திருந்தார்கள். கலைமதி சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்குப் போன் பேசப் போயிருந்தாள். ரகுநாத் வேகமாக வந்தார். டீசல்தானே, பெட்ரோல் மாதிரி இல்லையே, ஆளை இறக்கிவிடலாமே, நேரமும் மிச்சமாகும் என்றார். கூட்டத்தில் பெரியவர் என்பதால் சேவுகனைப் பார்த்துத்தான் சொன்னார்.

சேவுகன் தொட்டி மூடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அவ வரட்டுங்க" என்றார்.

"நீங்க இத்தனை வருஷ அனுபவம். நீங்க சொன்னா போதாதா?"

"போதாதுங்க."

"ஒங்க அக்கா மகள்னு விட்டுக்குடுக்குறீங்களோ?"

நிலவழகன் சிரித்துவிட்டான். சேவுகன் சிரிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாலையைப் பார்த்தார். கலைமதி ஒரு லாரி போகக் காத்துநின்று, மீட்டரைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா மகதான். நேத்து எங்க எல்லாருக்கும் முன்னால எறங்குனவ அவதாங்க. அவ சொல்லட்டும், எறங்குறோம்."