அடியில் கிடந்தவை

காவல்துறையின் கணினித் தடயப் பிரிவில் அவளுக்கு ‘மண்வெட்டி’ என்று பெயர். யார் எதை அழித்தாலும் தோண்டி எடுத்துவிடுவாள் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த செல்லப் பெயர். செல்லமாம்! வாய்க்கொழுப்புக்கு இப்படியும் ஒரு பெயர் உண்டு.

இந்த முறை அவள் மேசைக்கு வந்தது ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப். அந்தரங்கப் படங்களை வைத்துக்கொண்டு ஒருவன் அந்தப் பெண்ணை மிரட்டியிருக்கிறான். அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று மிரட்டல்களை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு, அவள் உயிரையும் விட்டுவிட்டாள். சில மாதங்கள் கழித்து ஒரு தோழி வாய் திறந்த பிறகுதான் அவன் பிடிபட்டான். படுபாவி, அதற்குள் தன் போனைச் சுவடில்லாமல் ஒழித்துவிட்டிருந்தான். லேப்டாப்பிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் கையை வீசிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அழித்தது உடனே போய்விடாது. அதே இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை அடியில் கிடக்கும். அந்த நம்பிக்கையில்தான் ஹார்டு டிஸ்கை நகலெடுத்து, நகலில் தேடினாள். டிஸ்க் நிரம்பி வழிய வீடியோக்கள். தவழும் குழந்தை, முன்பல் விழுந்த சிறுமி, சைக்கிளோடு சாய்ந்து விழுந்து சிரிப்பவள். எல்லாம் அந்தப் பெண்தான். எல்லாமே அவள் போன பிறகு ஏற்றியவை. எவ்வளவோ மல்லுக்கட்டியும் மிரட்டலில் ஒரு வரிகூடத் தேறவில்லை.

பஸ் ஓட்டும் அப்பா சீருடையைக்கூட மாற்றாமல் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“கெடைச்சுதாம்மா?”

“ஐயா, இதுல வீடியோவெல்லாம் யாரு போட்டது?”

அவர் முகம் மலர்ந்தது. “நான்தாம்மா. அவ மாமா, சித்தி, கூடப் படிச்ச புள்ளைங்க, எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கினேன். அங்கொண்ணு இங்கொண்ணா கெடக்க வேணாம்னு அவளோடதுலயே சேத்து வெச்சேன். ஏம்மா?”

மிஷின் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அறிக்கையில் காரணம் எழுதியாக வேண்டும். ஜாமீன் விசாரணையில் அவன் வக்கீல் அதை ஊரறியப் படிப்பார். இந்த மனுஷன் அதை அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டுமா? அந்த வீடியோக்கள்தான் மிரட்டல்கள் கிடந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன என்று அவளே சொன்னாள். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் இடி இடிதானே.

“உங்க மேல தப்பில்லைங்க ஐயா. இது யாருக்கும் தெரியாத விஷயம்.”

அவர் காதில் அது விழுந்த மாதிரியே இல்லை. பிறகு அவசரமாக நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

“அப்ப எடுத்துடுங்கம்மா.”

“எதைங்க?”

“அந்த வீடியோவத்தான். ஒண்ணுகூட வேணாம். மேல இருக்கறத அழிச்சிட்டா அடியில இருக்கறது தெரியும்ல?”

“அழிச்சாலும் அது வராதுங்க ஐயா. அந்த எடத்துல இப்ப உங்க பொண்ணுதான் இருக்கா.”

அவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

“ஒரு தடவ அழிச்சுத்தான் பாருங்களேம்மா.”