இல்வாவின் பனி

இந்தக் கதையைப் பதினொரு வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. இல்வா பிறந்த குளிர்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பனி உண்டு. அது தலைக்கு மேல் ஒரு குடை அகலத்துக்குப் பெய்துகொண்டே இருக்கும். பிள்ளையைத் தத்துக் கொடுக்கும்போது பனியையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். இதிலெல்லாம் எனக்குச் சந்தேகம் இல்லை. ஞானதுரை அண்ணாச்சி அங்கே போய்ச் சொன்னதாகச் சொல்லும் ஒரே ஒரு வார்த்தையின் மேல்தான் சந்தேகம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதை விழுங்கியிருப்பேன். நம்ப முடியாமல் போனது அதனால்தானோ என்னவோ.

ஞானதுரைக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளம். என் அளத்துக்கு அடுத்தது. அவரும் மனைவி ஜெபக்கனியும் ஒரு பிள்ளைக்காக ஒன்பது வருடம் காத்திருந்தார்கள். ஜெபக்கனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வராத பிள்ளைக்கு ஒரு சட்டை எடுப்பாள். அடுத்த கிறிஸ்துமஸில் அதை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஓர் அளவு பெரிதாக இன்னொன்று எடுப்பாள்.

தத்தெடுக்க அந்த நாட்டுக்கு எழுதியபோது, விண்ணப்பத்தோடு வீட்டின் போட்டோ கேட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்த நாளில் எடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் பதில் வந்தது. 'உங்கள் வீட்டுக்குப் பின்னால் பனி நிறைய இருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். ஐந்து வயது இல்வாவின் பனிக்கு அங்கே துணை இருக்கும். நேரில் வரவும்.'

ஞானதுரை அதை இரண்டு முறை படித்தார்.

"ஏளா, உப்பைப் பனின்னுல்லா நெனச்சிருக்காவ."

"நாம அப்படிச் சொன்னமா? போட்டோதான அனுப்பினோம்," என்றாள் ஜெபக்கனி. "அங்க வந்து நீங்களா வாயைத் தொறக்காதிய. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

"எனக்குப் பொய் வராதே."

"பொய் சொல்லச் சொன்னேனா? கேட்டதுக்குப் பதில். அவ்வளவுதான்."

மூன்று விமானம் மாறிப் போனார்கள். ஒன்பதாவது சட்டை வழியெல்லாம் ஜெபக்கனியின் மடியிலேயே இருந்தது.

அங்கே தத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பதற்கு அந்த ஊரிலேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்துப் பெரியவர் கனகலிங்கம் வந்திருந்தார். அதிகாரி போட்டோவை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்கள் பனி எந்த மாதங்களில் வரும்?"

"மாசியில ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும்."

"வெயில் காலத்திலா?"

"வெயில் ஏற ஏறத்தான் நல்லா வரும்."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

"மழை பெய்தால்?"

"கரைஞ்சு போவும்."

"இங்கேயும் அப்படித்தான். என்ன செய்வீர்கள்?"

"குவிச்சு வச்சு, மேல ஓலை போட்டு மூடிருவோம்."

"எங்கள் ஆட்களுக்கு இந்த அக்கறை கிடையாது," என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார். "பிள்ளைகள் பனியை அள்ளி வாயில் போடுவார்கள். இவள் போட்டால்?"

மேசைக்கு அடியில் ஜெபக்கனி ஞானதுரையின் காலை மிதித்தாள். 'ஒண்ணும் ஆவாது' என்ற பதில் நாக்கில் தயாராக இருந்தது. அதுவும் பொய்யில்லை. ஆனால் ஞானதுரைக்கு ஒரு காலைப்பொழுது கண்ணில் வந்தது. வந்த முதல் நாள் பிள்ளை கொல்லைக்கு ஓடுகிறது, இரு கையாலும் அள்ளி வாயில் போடுகிறது, திரும்பி அவரைப் பார்க்கிறது. அந்தப் பார்வையை அதற்குப் பிறகு எங்கே கொண்டு போய் வைப்பது?

"கரிக்கும்," என்றார்.

கனகலிங்கம் அவர் பக்கம் திரும்பினார். "அப்பிடியே சொல்லட்டோ, தம்பி?"

"சொல்லுங்க."

அதிகாரி கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"ஒம்பது வருசம்," என்றாள் ஜெபக்கனி. "ஒத்த வார்த்தையில போட்டு ஒடைச்சிட்டியளே. ஒங்கள மாதிரி ஒரு மனுசனுக்கு மூணு பிளேன் எதுக்கு?" சட்டையை விரித்து மறுபடி மடித்தாள். மடித்ததை மறுபடி விரித்தாள்.

கதவு திறந்தது. அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு இல்வா வந்தாள். அவள் தலையிலும் தோளிலும் பனி மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. நடந்த வழியெல்லாம் தரை நனைந்தது.

"கரித்தால் பரவாயில்லையா என்று நாங்கள் சொல்ல முடியாது," என்றார் அதிகாரி. "அவள்தான் சொல்ல வேண்டும்."

இல்வா ஞானதுரையின் வலது கையைப் பிரித்துப் பார்த்தாள். முப்பது வருடம் உப்பு வாரிய கை. அதை நக்கினாள். முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொரு தடவை நக்கினாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"அங்க எவ்வளவு கிடக்குதெண்டு கேக்கிறா," என்றார் கனகலிங்கம்.

"கண்ணுக்கு எட்டுன மட்டும்," என்றார் ஞானதுரை.

அதைக் கேட்டதும் இல்வா ஜெபக்கனியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பனி இப்போது இருவர்மேலும் விழுந்தது. போட்டுவிட்ட சட்டை பிள்ளையின் தோளில் சற்றுத் தொளதொளவென்று இருந்தது. ஜெபக்கனி அதை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது அதிகாரி ஒரு விதியைச் சொன்னார். பிள்ளையைக் கொண்டுபோகலாம், பனியைக் கொண்டுபோகலாம். ஒன்பது வருடக் காத்திருப்பை மட்டும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை.

"அதை எங்க வைக்கணும்?" என்று கேட்டார் ஞானதுரை.

"வெளியே பெஞ்சில் உட்காருங்கள். பிறகு எழுந்துவிடுங்கள்."

இருவரும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிறகு எழுந்தார்கள். திரும்பிப் பார்த்தால், காத்திருந்த அவர்கள் இருவரும் பெஞ்சில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஜெபக்கனியின் மடியில் கைப்பை இருந்தது. அந்த ஞானதுரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்ததை, எழுந்து நின்ற ஞானதுரை குனிந்து சரிசெய்தார். இல்வா அவர்களுக்குக் கையசைத்தாள். டாக்சி வந்துவிட்டதாகக் கனகலிங்கம் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

இல்வாவுக்கு இப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வருகிறாள். அவள் பின்னால் ரோடு ஈரமாகிறது. போன வாரம் ஒரு சாயங்காலம், அந்த ஒரு வார்த்தையை நிஜமாகவே சொன்னீர்களா என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஞானதுரையின் அளத்துக்குப் போனேன். அவர் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்தேன். கடைசியில் வாயில் வந்தது வேறு கேள்வி.

"அண்ணாச்சி, அந்தப் பெஞ்சில இருக்கிற ரெண்டு பேருகிட்டயும், பிள்ளை கெடைச்சிட்டுன்னு யாராவது போய்ச் சொன்னாவளா?"