எழுத பயப்படுகிறாள்

அச்சகத்தில் எனக்கு ஒற்றர் என்று பெயர். வேவு பார்க்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். க், ச், த், ப் என்று எந்த ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்து உள்ளே செருகிவிடுவேன் என்பதால் பைண்டர் வைத்த பெயர் அது. பதினாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பிழையும் அச்சுக்குப் போனதில்லை என்று மார்தட்டிக்கொண்டவன். இனிமேல் தட்டமாட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தின் கடைசி வரியில் ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டு போவேன். மேலிருந்து படித்தால் விஷயம் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து தப்பித்துவிடும். அதனால் ஒரு புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். எத்தனை பிழை இருந்தது என்று கேட்டால் பக்க எண்ணோடு சொல்வேன். இதைப் பெருமையாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கூட வருடம் முடிய மூன்று வாரம் இருந்தபோது, மகளுடைய ஒன்றாம் வகுப்பு டீச்சர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். மனைவி வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அரைநாள் லீவு கேட்டு வந்தாள். முழங்கால் உயரமே இருந்த பிள்ளைகளின் பெஞ்சில் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தோம். ஜன்னல் வழியாக மகள் தெரிந்தாள். மற்ற பிள்ளைகள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொண்டிருக்க, அவள் சுவரோரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மேசைமேல் ஒரு நோட்டைத் திறந்து எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். மேலே தேதி இருந்தது. கீழே ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்திலும் தேதி மட்டும்தான். நான் புரட்டிக்கொண்டே போனேன்.

"இது யாரோட நோட்டு?" என்று கேட்டேன்.

"உங்க பொண்ணோடதுதான் சார். கிளாஸ்ல எழுதற நோட்டு. ஆறு மாசமா ஒரு எழுத்துகூட எழுதலை. பரீட்சைத் தாளையும் இதே மாதிரிதான் குடுத்தா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெஞ்சில் இருந்த மகளின் பையிலிருந்து வீட்டுப்பாட நோட்டை எடுத்து மேசையில் போட்டேன். "இதையும் பாருங்க. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே ஒரு பிழை காட்டுங்க பாக்கலாம். எழுதத் தெரியாத பிள்ளையோட நோட்டா இது?"

"எழுதத் தெரியாதுன்னு நான் சொல்லலையே சார். நல்லாத் தெரியும். எழுத மாட்டேங்கறா."

அந்த நோட்டு எப்படிப் பிழையில்லாமல் ஆனது என்பது எனக்குத்தானே தெரியும். தினமும் சாயங்காலம் அவள் முதலில் ரஃப் நோட்டில் எழுதுவாள். நான் சிவப்புப் பேனாவால் சுழிப்பேன். திரும்ப எழுதுவாள். திரும்பச் சுழிப்பேன். சுழிக்க ஒன்றும் மிஞ்சாதபோதுதான் நல்ல நோட்டில் ஏற்ற விடுவேன். சில நாள் ஆறு தடவைகூட ஆகும். அவள் சிணுங்கியதே இல்லை. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

"பசங்க அவளை வெள்ளைத்தாள்னு கூப்பிடறாங்க," என்றார் டீச்சர். "நான் கண்டிச்சுப் பாத்துட்டேன். நாப்பது பேர் சார். ஒரு வாயை மூடினா இன்னொரு வாய் திறக்குது."

போன வருடம்வரை எங்கள் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்துவிடுவாள். இதை மூடுகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று நானும் மனைவியும் அவள் முதுகைத் தடவித் தேடுவோம். அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்த ரேடியோ என்றைக்கு நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, கொண்டுவந்த புரூஃபை நிம்மதியாகப் பார்க்கலாம் என்றுதான் இருந்திருக்கிறேன்.

மனைவி அந்த வெற்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதை முன்னாடியே ஏன் டீச்சர் எங்ககிட்ட சொல்லலை?"

டீச்சர் டைரியை எடுத்தார். தினமும் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வந்து போகிற டைரி. அதில் கையெழுத்துப் போடுகிற வேலை என்னுடையது. பள்ளி திறந்து மூன்றாவது மாதத்துப் பக்கத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

'குழந்தை வகுப்பில் எழுத பயப்படுகிறாள். தப்பு வந்துவிடும் என்று அழுகிறாள். பெற்றோர் ஒரு முறை நேரில் வந்து பேசவும்.'

எழுத என்பதற்கும் பயப்படுகிறாள் என்பதற்கும் நடுவே ஒரு செருகல் குறி. அதன் தலைமேல் சிவப்பு மையில் ஒரு ப். தப்பு என்ற சொல்லின் அடியில் ஒரு கோடு, ஓரத்தில் 'பிழை?' என்று ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் கீழே, ஒவ்வொரு புரூஃபிலும் எழுதுவதுபோல 'பார்த்தேன்' என்று எழுதி என் கையெழுத்து.

மனைவி அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"நீங்க திருத்தினது சரிதான் சார்," என்றார் டீச்சர். கிண்டலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "வீட்டுக்குப் போய் இலக்கணப் புஸ்தகத்தை எடுத்துப் பாத்தேன். ப் வரணும்தான். அதுக்கப்புறம் உங்களுக்கு எழுதவே கை வரலை. ரெண்டு தடவை டைரியைத் திறந்து வச்சு உக்காந்தேன். எதை எழுதினாலும் அதுல ஏதாவது ஒண்ணு இருக்கும்னு தோணிச்சு. மூடி வச்சுட்டேன். போன்லயாவது சொல்லியிருக்கணும். அது என் மேல தப்புதான்."

அடுத்த வருடமும் ஒன்றாம் வகுப்புதான் என்று பெரிய டீச்சர் முடிவு செய்துவிட்டாராம். பக்கத்தில் உட்காருகிற தோழி மேலே போய்விடுவாள். இவள் மட்டும் அதே அறையில், அதே குட்டி பெஞ்சில்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"நேத்து சொன்னேன். 'அப்பாவுக்குத் தெரியுமா'ன்னு மட்டும் கேட்டா."

கிளம்பும்போது டீச்சர் மெல்லிய புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். வருடத் தொடக்கத்தில் எல்லா வீட்டுக்கும் அனுப்பியதுதானாம். எங்களுக்கும் வந்திருக்குமாம். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'ஒன்றாம் வகுப்பு: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை.' எங்கள் அச்சகத்தில் அடித்த புத்தகம். முப்பத்திரண்டு பக்கம். மூன்று புரூஃப் பார்த்தவன் நான்.

தெருவில் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். சைக்கிள் கடைத் திருப்பத்தில் மனைவி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "வேலைக்குப் போறப்ப உங்களுக்குச் சீட்டு எழுதி வச்சுட்டுப் போறதை நான் எப்ப நிறுத்தினேன்னு ஞாபகம் இருக்கா?"

சீட்டு எழுதிவைக்கிற வழக்கம் இருந்ததே அவள் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. "இல்லை," என்றேன்.

"அதான்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து கீழே படித்தேன். புதுச் செருப்பில் நடப்பதுபோல இருந்தது. 'குழந்தை எழுதிக் காட்டினால், அது என்ன சொல்ல வருகிறது என்று முதலில் படியுங்கள். பிழையோடு எழுதுகிற குழந்தை துணிந்து எழுதுகிறது. எழுத்தைத் திருத்த இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன. பெற்றோருக்கு வேண்டியது பொறுமை.' இந்தப் பொறுமை, கையெழுத்துப் பிரதியில் பொருமை என்று இருந்தது. நான்கு இடத்தில் று போட்டுத் திருத்தினேன். பக்கம் ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பது. எனக்கு அழுகை வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் நாற்காலியை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு மகள் ரஃப் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். சட்டைப் பையில் பதினாறு வருடமாகக் குடியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் பார்க்கிற மாதிரி குப்பைக் கூடையில் போட்டேன். சமையலறை வாசலில் மனைவி ஈரக்கையோடு நின்றாள்.

"இன்னிக்கு அப்பா திருத்தப்போறதில்லை," என்றேன். "உனக்கு என்ன தோணுதோ எழுது."

"என்ன எழுதணும்?"

"எது வேணும்னாலும்."

"நீங்க எழுதிக் குடுங்கப்பா. நான் பாத்து எழுதறேன்."

"வேண்டாம்மா. நீயே எழுது. தப்பு வந்தா பரவாயில்லை."

கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்லைன்னா எத்தனை தடவை எழுதணும்?"

மனைவிதான் வாசலிலிருந்து, "ஒரு தடவை போதும்டா கண்ணு," என்றாள்.

பென்சிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டாள். நான் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று அடக்கிக்கொண்டிருந்தேன். பென்சில் நின்று நின்று போயிற்று. ஒருமுறை நிமிர்ந்து குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். கடைசியில் கையை எடுத்து, நோட்டை என் பக்கமாகத் தள்ளினாள்.

'அப்பா கிட்ட சிவப்பு பேணா இல்ல'

ஆறு மாதத்தில் அவளாக எழுதிய முதல் வரி. சத்தியமாகச் சொல்கிறேன், மேலிருந்துதான் படித்தேன். என் பிள்ளை என்ன சொல்கிறாள் என்றுதான் படித்தேன். ஆனாலும் கண் நடுவில் விட்டுப்போன ப்பைத் தாண்டி அந்த ணாவில் போய் நின்றது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

பை காலியாக இருந்தது. கையைச் சட்டென்று கீழே இறக்கினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா," என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு."

அவள் ரப்பரை எடுத்துவிட்டாள். எந்த எழுத்து தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அப்பாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அழித்தாள்.