மூன்று பிர்ச் மரங்களுக்கு நடுவில்

பொஹுமீர் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாற்பதாவது நாள், அவர் மனைவி லிபுஷே அவரை நூலகத்து இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

"நான் வெங்காயம் நறுக்குறப்ப பக்கத்துல நின்னு தீர்ப்புச் சொல்லாத. போய் எதையாவது படி."

செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணி. முதல் வருஷம் ஒரு சேதாரமும் இல்லாமல் ஓடியது. இரண்டாம் வருஷம் செப்டம்பரில் ஏழாம் பாடம் வந்தது. சனி அதில்தான் உட்கார்ந்திருந்தது.

ஏழாம் பாடம் வெற்றியைப் பற்றியது. சக்சஸ், கோல், அச்சீவ்மெண்ட் என்று முப்பது வார்த்தைகள். எல்லாரும் உருப்போட்டு வந்திருந்தார்கள். ஆனால் ஆசிரியை ரதானா, "நீங்க சாதிச்சத ஒவ்வொருத்தரா எந்திரிச்சு இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றதும் வகுப்பே மேஜையைப் பார்த்தது. செக் நாட்டுக்காரர்களிடம் கேட்கிற கேள்வியா இது? லாட்டரியில் வீடே விழுந்தவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், "ஏதோ ஓடுது" என்றுதான் சொல்வான். கசாப்புக்கடை லுபோர் எழுந்து, "என் நாய் இன்னும் இறக்கவில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது பொஹுமீர். அவர் வாழ்க்கையில் சாதனை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது காளான்.

அந்த ஊர்க்காரர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், மூலவியாதியைச் சொல்வார்கள். காளான் எடுத்த இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் "காட்டில்" என்பார்கள். சாகக்கிடந்த ஒரு கிழவரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த பாதிரியார் சும்மா இருக்காமல், "அந்தப் பெரிய காளானெல்லாம் எங்கே எடுத்தீர்?" என்று கேட்டாராம். கிழவர் "காட்டில்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நல்ல சாவு என்று ஊர் மெச்சியது. பாதிரியாரை வேறு ஊர்ப் பங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பொஹுமீரின் இடம் அவர் கண்டுபிடித்ததல்ல. லிபுஷேயின் அண்ணன் ப்ரோகோப் காட்டியது. காட்டிய அன்று ப்ரோகோப் சொன்னார்: "மாப்ளே, என் தங்கச்சிய உனக்குக் குடுக்க ஒரு ஞாயித்துக்கிழமதான் யோசிச்சேன். இதக் காட்டப் பதினோரு வருஷம் யோசிச்சிருக்கேன்." அதற்குப் பிறகு முப்பது வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தார்கள். ஒரு மழைநாளில், காளான் குடைக்கடியில் ஒதுங்கியிருந்த முயலைக் கையால் நகர்த்திவிட்டுத்தான் காம்பை அறுக்க முடிந்தது.

அந்தக் காளானைத்தான் பொஹுமீர் சொன்னார். "நான் பெரும் முயற்சி செய்தேன். நான் என் இலக்கை அடைந்தேன். அதன் எடை நான்கு கிலோகிராம்." வகுப்பு கை தட்டியது. நாற்பது வருஷ ரயில்வே வேலையில் அவருக்காக யாரும் கை தட்டியதில்லை. காது மடல் சூடாகிவிட்டது.

"எங்கே?" என்று ரதானா இங்கிலீஷில் கேட்டாள். அவள் நகரத்துப் பெண், பாடத்துக்காகக் கேட்டாள்.

செக் மொழியில் கேட்டிருந்தால் நாக்கு தானாகவே "காட்டில்" என்று சொல்லியிருக்கும். இங்கிலீஷ் நாக்குக்கு அந்த வளர்ப்பு இல்லை. மூன்றாம் பாடம் வழி சொல்வது. அதில் பொஹுமீர் முழு மதிப்பெண். "குருசடிச் சிலுவையில் இடது பக்கம் திரும்பவும். குளத்தைக் கடக்கவும். மூன்று பிர்ச் மரங்களுக்கு நடுவில்" என்றார். பொய் சொல்வதற்கு அந்தப் புத்தகத்தில் பாடம் இல்லை.

வகுப்பில் ஒருவர் விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டதை அவர் கவனித்தார். நல்ல மாணவர்கள் என்றுதான் அப்போது நினைத்தார்.

சனிக்கிழமை ப்ரோகோப்போடு காளானுக்குப் போகிற நாள். ஆகஸ்டில் முழங்கால் ஆபரேஷன் ஆனவர், அந்த வருஷம் முதல் தடவையாகத் தடியூன்றிக் காட்டுக்கு வந்தார். குருசடிக்குப் பக்கத்தில் கல்யாண வீட்டு வாசல்போல ஆறு கார்கள் நின்றன. மூன்று பிர்ச் மரங்களுக்கு நடுவில் பன்றி மேய்ந்த மாதிரி பாசி பெயர்ந்து கிடந்தது. லுபோர் துணிக்கூடை நிறையக் காளானோடு நின்றார். பொஹுமீரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "காலை வணக்கம். நான் என் இலக்கை அடைந்தேன்" என்றார் இங்கிலீஷில்.

"என்ன உளர்றான்?" என்றார் ப்ரோகோப்.

"பாடம் ஒப்பிக்கிறாரு, மச்சான்."

ப்ரோகோப் லுபோரைப் பிடித்துக்கொண்டார். "ஏய்யா, எவன் சொன்னான் உனக்கு இந்த எடத்த?"

லுபோர் ஒழுக்கமாக வளர்ந்தவர். "எடமா? காட்ல நடந்தேன், கெடச்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ப்ரோகோப் ஒரு வெட்டுமரக் கட்டையில் உட்கார்ந்து, பெயர்ந்த பாசியைத் தடியால் ஒதுக்கினார். "மாப்ளே," என்றார், "இது நான் பண்ணின பாவம். ஆபரேஷன் மயக்கத்துல நான் ரொம்பப் பேசினேன்னு நர்சு சிரிச்சா. அவ யாருங்கிற? லுபோரோட கொழுந்தியா. நீ முப்பது வருஷமாக் கட்டிக் காத்தத நான் மயக்கத்துல கொட்டிட்டேன். என்ன மன்னிச்சிரு."

'நான்தான் சொன்னேன், மச்சான்.' மூன்று வார்த்தை. அதுவும் தாய்மொழியில். பொஹுமீர் மூச்சை இழுத்தார், விட்டார். "விடு மச்சான், யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். பெருந்தன்மையாக மன்னித்தும்விட்டார்.

ப்ரோகோப் அதோடு காட்டுக்கு வருவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை சூப்பு குடிக்கும்போதெல்லாம், "மாப்ள மனசு யாருக்கு வரும்" என்று தங்கையிடம் சொல்வார். பொஹுமீர் பாதிச் சூப்பில் எழுந்துவிடுவார். வகுப்புக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் மழை முடிந்ததும், யாரும் கால் வைக்காத இடம் ஒன்றைத் தனியாக அலைந்து கண்டுபிடித்தார். கூடை நிறைந்ததும் நேராக மச்சான் வீட்டுக்குப் போனார்.

"கெளம்பு மச்சான். புது எடம். உனக்கு மட்டுந்தான் காட்டுவேன்."

"வேணாம் மாப்ளே. என் வாய் ஓட்ட வாய். இன்னொரு முழங்கால் வேற பாக்கி இருக்கு, டிசம்பர்ல அறுக்கப் போறாங்க."

"அதில்ல மச்சான், நான் ஒண்ணு சொல்லணும்."

இடத்தைச் சொல்லப்போகிறார் என்று பயந்து ப்ரோகோப் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், கண்ணையும் மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பொஹுமீர் எல்லாவற்றையும் சொன்னார். கை தட்டியதை, இடது பக்கம் திரும்பச் சொன்னதை, மன்னித்ததை. ஒன்றும் விடவில்லை.

ப்ரோகோப் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "முடிஞ்சுதா?"

பொஹுமீர் தலையாட்டினார்.

"நல்ல வேள, ஒண்ணும் காதுல விழல" என்று ப்ரோகோப் கையை எடுத்தார்.

இன்னொரு தடவை சொல்லப் பொஹுமீருக்குத் தைரியம் வரவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.