ஏழாவது படிவம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஹட்டனில் விடியற்காலை பஸ் பிடித்துக் கண்டிக்குப் போவேன். கத்தோலிக்க நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கான தலைமைத்துவ டிப்ளோமா வகுப்பு அங்கே நடந்தது. பதினெட்டுப் பேர் படித்தோம். பாடசாலை அதிபர்கள், ஆஸ்பத்திரி நிர்வாகிகள், கன்னியாஸ்திரிகள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

நான் வேலை செய்வது ஹட்டனில் உள்ள ஒரு சமூக நிலையத்தில். டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் முன்பள்ளிகள் நடத்துகிறோம். பத்தொன்பது வருஷமாக நான் அங்கே இணைப்பாளராக இருந்தேன். அதுவரை இயக்குநர் எப்போதும் ஒரு குருவானவர்தான். வரும் ஜனவரியில் முதல்முறையாகக் குருவானவர் அல்லாத ஒருவரைப் போடப்போகிறார்கள், அது நானாக இருக்கலாம் என்று அப்போது இயக்குநராக இருந்த எங்கள் ஃபாதர் சொன்னார்.

"டிப்ளோமாவ மட்டும் முடிச்சிருங்க ஜீவராஜ். மத்தத நான் பார்த்துக்கிறேன்."

மூன்றாவது மாதம், வகுப்பு நடத்தும் சிஸ்டர் ஒரு கட்டுப் படிவம் கொடுத்தார். எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் என்னைப் பற்றி அதில் எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது. உறையில் ஒட்டி நேராக சிஸ்டருக்கு அனுப்ப வேண்டும். எனக்குக் கீழே ஏழு பேர். ஏழு உறையும் போய்ச் சேர்ந்தன.

அடுத்த வகுப்பில் அவற்றைப் பிரித்த சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேர் வேணாம்னு மேலயே போட்டிருக்கே ஜீவராஜ்."

ஆறு படிவங்களின் அடியில் பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் இருந்தன. வேலாயியக்கா, தான் கொழுந்து எடுத்த காலத்தில் தோட்டத்துப் பதிவேட்டில் இருந்த செக்ரோல் நம்பரையும் சேர்த்துப் போட்டிருந்தார். பெயர் இல்லாத காகிதத்தைத் தோட்டத்து ஆபீசில் யாரும் கையால் தொடமாட்டார்கள். அந்தப் பழக்கம்.

பக்கத்தில் இருந்த கஜேந்திரன், ஆஸ்பத்திரி நிர்வாகி, எட்டிப் பார்த்தார். "காலையில பெரட்டுக்கு வரிசையா நிக்க வச்சு வாங்கினீங்களோ?"

தோட்டத்தில் காலையில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து வாசித்தேன். சார் தங்கமானவர், சார் கோபப்பட மாட்டார். எங்கள் டிரைவர் செல்லசாமி மட்டும், சார் வேனில் ஏறியதும் தூங்கிவிடுவார், மற்றபடி குறையில்லை என்று எழுதியிருந்தார்.

ஏழாவதில் பெயர் இல்லை. தேவையும் இல்லை. ஆறு பேர் பெயர் போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வினோதா. மேலே இருந்ததை வாசித்து, சொன்னபடி செய்தவள் அவள் ஒருத்திதான்.

நாலாவது கேள்வி, தேவையான நேரத்தில் உங்களுக்காகப் பேசுகிறாரா என்பது. வினோதா இப்படி எழுதியிருந்தாள்:

"லோஜினி டீச்சருக்காகப் பேசவில்லை. நாலு மாதம் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கவில்லை என்று பார்க்க வந்த, பணம் தரும் வெளிநாட்டு ஆட்களிடம் டீச்சர் சொன்னது உண்மை. சாருக்கு அது தெரியும். டீச்சரை வேலையிலிருந்து நிறுத்திய கூட்டத்தில் சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் நல்லவர். அதனால்தான் எங்களுக்கு அது கூடுதலாக வலித்தது."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

இறுதி அறிக்கையோடு ஏழு படிவங்களையும் இணைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இயக்குநர் கையெழுத்து வேண்டும். ஃபாதர் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. சத்தம் போட்டு ஒருவரையும் திட்டியதும் இல்லை. லோஜினியைக்கூட டீ கொடுத்து உட்காரவைத்து, செபம் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். எல்லோருக்கும் வேலைக் கடிதம் டிசம்பரில்தான் புதுப்பிக்கப்படும். டிசம்பருக்கு நாலு வாரம் இருந்தது.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். படிவத்தை வாங்கி வாசித்தார்.

"இந்த ஏழுல உங்களுக்குப் பிரயோசனமானது இது ஒண்ணுதான்," என்றார். "ஃபாதர் பெரிய மனசோட எடுத்துக்குவார்."

"எடுத்துக்கலைன்னா, சிஸ்டர்?"

"இத எழுதின ஆளோட ஒருக்கா பேசிப் பாருங்க."

எதைப் பேச என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வினோதாவை அறைக்குக் கூப்பிட்டேன். அதற்கு முந்தின வருஷ நவம்பர் மழையில் கொத்மலைப் பக்கம் அவர்களுடைய லயத்துச் சுவர் வெடித்துப் போய், தாயோடு ஹட்டனில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உக்காருங்க வினோதா. இது ஃபாதர் கைக்குப் போகும்."

"பேரு போட வேணாம்னுதானே சார் இருந்துச்சு?"

"மத்தவங்க எல்லாரும் போட்டுட்டாங்க."

"வேலாயியக்காவுமா? நான்தானே சார் அதுக்கு வாசிச்சுக் காட்டினேன். பேரு வேணாம்க்கா, வேணாம்க்கான்னு ரெண்டு தரம் சொன்னேன்."

"செக்ரோல் நம்பரும் போட்டிருக்கு."

"பென்சன் படிவம்னு நெனச்சிருச்சு போல."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்த பிறகு பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க எழுதுனது பொய் இல்ல," என்றேன். "ஆனா டிசம்பர்ல உங்களுக்குக் கடிதம் வரணும். வேல போச்சுன்னா அம்மாவ வச்சுக்கிட்டு எங்க போவீங்க? ஒங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா சார்?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

"ஆமா," என்றேன். எனக்காகவும்தான். அதை நான் சொல்லவில்லை.

புதுப் படிவம் ஒன்றை அவள் முன்னால் வைத்தேன். அவள் அழவில்லை, வாதாடவுமில்லை. பேனையை எடுத்து முதல் மூன்று கேள்விக்கும் மளமளவென்று எழுதினாள். நாலாவதில் பேனை நின்றது.

"இதுக்கு என்னா சார் எழுத? நீங்களே சொல்லுங்க, எழுதிர்றேன்."

ஜன்னலுக்கு வெளியே செல்லசாமி வேன் கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆம்னு போட்ருங்க."

"ஆம் மட்டும் போதுமா? மத்தவங்க நீளமா எழுதியிருப்பாங்களே."

"எப்பவும் எங்களுக்காகப் பேசுவார்னு போடுங்க."

எழுதினாள். வினோதாவுக்கு அழகான கையெழுத்து.

"பழச என்னா செய்ய?"

"கிழிச்சிருவோம்."

"குடுங்க சார், நானே கிழிக்கிறேன்."

நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "போகட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஃபாதர் ஏழையும் வாசித்துக் கையெழுத்துப் போட்டார். "எல்லாரும் உங்க மேல உசிரா இருக்காங்க ஜீவராஜ்," என்றார். டிப்ளோமா கிடைத்தது. ஜனவரியில் இயக்குநர் ஆனேன். டிசம்பரில் வினோதாவுக்குக் கடிதம் வந்தது. அவள் என்ன நினைத்தாலும் நான் என்ன நினைத்தாலும் அது வந்ததுதான் முக்கியம் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முன்பெல்லாம் கூட்டத்தில் நான் ஒன்று சொன்னால், "அது சரிவராது சார்," என்று முதலில் சொல்கிறவள் அவள்தான். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இப்போது சொல்வதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. நேரத்துக்கு வருகிறாள். கூட்டக் குறிப்பு எழுதுவது அவள்தான்.

போன மாதக் கூட்டத்தில் வேண்டுமென்றே ஒரு முட்டாள்தனமான காரியம் சொன்னேன். "முன்பள்ளியெல்லாம் இனிமே காலையில ஒன்பது மணிக்குத் தொறப்போம்."

தாய்மார் ஏழரைக்கே கொழுந்து எடுக்க மலைக்கு ஏறிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்த மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அது தெரியும். வேலாயியக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். செல்லசாமி தொண்டையைக் கனைத்தார். நான் வினோதாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் எழுதி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"எந்தத் திகதியிலேருந்து சார்?"

இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

"வேணாம், பழையபடியே இருக்கட்டும்," என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.