அரசிக்கு ஆறு நிமிடம்

1.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை நடந்தபோது நான் அரங்கத்துக்குள் இல்லை. விழா நடந்த பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில், சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் நியூஜெர்சி தமிழ்ச் சங்கத்தின் சித்திரை விழாவில் சாப்பாடு பாதியில் தீர்ந்துபோகும் என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்று நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பார்சிப்பனியில் எனக்கு மென்பொருள் சோதனை வேலை. பிறர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். சங்கத்தின் ஆண்டு மலருக்கும் நான்தான் ஆசிரியன். அந்த விழாவில் பர்வதம் அம்மா நடித்த நிகழ்ச்சியைப் பற்றி இருநூறு சொல்லில் ஒரு குறிப்பு கேட்டார்கள். அந்தக் குறிப்புதான் இப்படி வளர்ந்து நிற்கிறது.

2.

தொடக்கங்கள்:

பிரெஞ்சு மேடைகளில் நாற்பதாண்டு காலம் ஒளிர்ந்த தமிழ் நட்சத்திரம்

(பொய். ஒளிர்ந்தவர் இவருக்கு முன்னால் நின்றவர். அடித்துவிட்டேன்.)

வாழ்வின் அந்திப்பொழுதில் அந்த மூதாட்டி

(இதை அவரிடமே படித்துக் காட்டினேன். "யாரு தம்பி அந்த மூதாட்டி?" என்று கேட்டார். அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். பர்வதத்துக்கு எழுபது வயது. காரைக்காலில் பிறந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த குடும்பம். பத்தொன்பது வயதில் கப்பல் வேலையிலிருந்த மாமாவோடு பிரான்சுக்குப் போய், நடிப்புப் பள்ளியில் சேர்ந்து, ஒரு நகரத்து அரங்கில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய செய்யுள் நாடகங்கள். ஒவ்வொரு வரிக்கும் பன்னிரண்டு அசை, ஆறாவதில் மூச்சு. அந்த நாடகங்களில் அரசிகள் தனியாகப் புலம்புவது அபூர்வம். பக்கத்தில் ஒரு தோழி நிற்பாள், அவளிடம்தான் மனதைக் கொட்டுவார்கள்.*

பர்வதம் முப்பத்தெட்டு ஆண்டும் அந்தத் தோழி.

* நம் சங்கப் பாடல்களின் தோழி வேறு சாதி. தலைவனையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். பிரெஞ்சுத் தோழிக்கு வேலை, கேட்பது. நடுநடுவே "ஐயோ, அரசி" என்று ஒரு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

3.

இந்த இடத்தில் பர்வதம் என்ற பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாடகத்தில் ஒன்பது ஆண்டுகள் அரசி வேடத்துக்கு இவர்தான் மாற்று நடிகை. அரசிக்கு உடம்பு முடியாமல் போனால் இவர் மேடையேற வேண்டும். முழு வேடமும் மனப்பாடம். அந்த நடிகைக்கோ ஒன்பது ஆண்டில் ஒரு தும்மல்கூட வரவில்லை.

பிறகு ஒரு மாலை அந்த அரசி நடிகைக்குக் கணுக்கால் முறிந்தது. பர்வதத்தை உட்காரவைத்துத் தலையலங்காரம் தொடங்கிவிட்டார்கள். பாதி அலங்காரத்தில் மேலாளர் வந்து, அரசியாக நடிக்கப் பாரிஸிலிருந்து வேறொரு நடிகை ரயிலில் வருவதாகச் சொன்னார். நாடகம் நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. பர்வதம் அதே தலையலங்காரத்தைக் கலைத்துவிட்டுத் தோழியாகப் போய் நின்றார்.

அன்றே வேலையை விட்டிருக்க வேண்டாமா? என் பாத்திரமாக இருந்தால் விட்டிருக்கும். கதவை அறைந்து சாத்துகிற ஒரு காட்சியைக்கூட எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் கதவ அறையல தம்பி. மறுநாள் காலையில போய், அந்த வேஷத்த முதல் வரியிலேர்ந்து இன்னொரு தரம் படிச்சேன்."

அழுதீர்களா என்று கேட்டேன். அதற்கு நேரம் இல்லை என்றார்.

4.

ஓய்வுக்குப் பிறகு பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் தங்கை ருக்மிணி வீட்டுக்கு அவ்வப்போது வந்து தங்குவார். ருக்மிணியை எங்களுக்கெல்லாம் தெரியும். சங்கத்தின் செயற்குழுவில் பதினாறு வருடம். வாய் ஓயாத மனுஷி. யார் எதைச் சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்தில் புகுந்துவிடுவார். அக்காவின் நாடகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. டிக்கெட் போட்டு இரண்டு முறை கேன்சல் பண்ணியிருக்கிறார்.

இந்த வருடம் பர்வதம் தானாகவே கலைச்செயலாளர் நெடுஞ்செழியனிடம் போய் நேரம் கேட்டார். அந்த அரசியின் கடைசிப் பேச்சு, நூற்றுப்பன்னிரண்டு வரி, பதினோரு நிமிடம். நெடுஞ்செழியன் கெட்டவர் அல்ல (கெட்டவராக ஒரு முறை எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை). நாற்பத்திரண்டு நிகழ்ச்சிகளையும் அறுபது அம்மா அப்பாக்களையும் கட்டி மேய்க்கிறவர்.

"ஆன்ட்டி, எல்லாருக்கும் ஆறு நிமிஷம்தான். ஆறாவது நிமிஷம் ரெட் கார்டு காட்டுவோம், அப்புறம் லைட் ஆஃப் ஆயிடும். அப்புறம், தமிழ்லதான் பண்ணணும், அது சங்கத்தோட பைலா, மாத்த முடியாது."

பர்வதம் சரி என்றார். ஆறு நிமிடத்துக்குச் சரி என்றாரா, தமிழுக்குச் சரி என்றாரா என்று நெடுஞ்செழியன் கேட்டிருக்கலாம்.

நான்கு மாதம் ருக்மிணியின் சமையலறை மேசையில் உட்கார்ந்து அத்தனை வரியையும் தமிழாக்கினார். வரிக்குப் பன்னிரண்டு அசை, ஆறில் மூச்சு, ஒன்றைக்கூட விடவில்லை. பாதியைச் சுருக்கினால் ஆறு நிமிடத்துக்குள் வருமே என்று நான் யோசனை சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை வருணிக்க மூன்று வாக்கியம் எழுதினேன், எதுவும்...

5.

அரசிக்குத் தோழி வேண்டும். தோழி இல்லாமல் அந்தப் பேச்சைப் பேச முடியாது என்று பர்வதம் பிடிவாதமாக நின்றார். கேட்ட எல்லோரும் நழுவினார்கள். வசனம் இல்லாத வேடம் யாருக்கு வேண்டும்? கடைசியில் ருக்மிணிதான் மிச்சம்.

அடித்தளத்து அறையில், டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் ஒத்திகை. முதல் நாள் ருக்மிணி நான்காவது வரியிலேயே "அக்கா, குக்கர் சத்தம் கேக்குதா?" என்று கேட்டார். பர்வதம் கோபிக்கவில்லை. முதல் வரிக்குத் திரும்பினார். மூன்று வாரம் இப்படியே முதல் வரிக்குத் திரும்பித் திரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ருக்மிணி முழுவதையும் கேட்டார். முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "இவ்வளவையும் ஒன்பது வருஷம் உள்ளயே வெச்சிருந்தியாக்கா?" என்றாராம்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் கற்பனை செய்யவில்லை. செய்யத் தெரிந்திருந்தால் நல்ல எழுத்தாளன் ஆகியிருப்பேன்.

6.

விழா நாள். முப்பத்தோராவது நிகழ்ச்சி. மேடையோரம் வந்து நின்ற ருக்மிணி பச்சைப் பட்டுப்புடவையில் இருந்தார். செயற்குழுப் பெண்களுக்கு இந்த வருடச் சீருடை அது. பிரெஞ்சு மேடையில் பச்சை ஆகாது. கையில் பச்சைக் கைக்குட்டை வைத்திருந்தவரையே திருப்பி அனுப்புவார்கள். தங்கையிடம் அதைச் சொல்லிவைக்க பர்வதம் மறந்துவிட்டார். அவர் முகம் வெளிறியது என்று ஒலிபெருக்கிக்காரர் சொன்னார்.

"அக்கா, என்ன ஆச்சு? மாத்திட்டு வரவா?"

"வேணாம். வா, நில்லு. என் முகத்தப் பாரு."

பர்வதம் மைக்கை வாங்கவில்லை. தேவைப்படவில்லை. கடைசி வரிசையில் குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் அப்படியே நிமிர்ந்து பார்த்ததாகச் சொன்னார்.

அரசி சபையைப் பார்த்து நிற்கிறாள். தோழி பக்கவாட்டில், அரசியைப் பார்த்தபடி; அரசிக்கு அப்பால் மேடையோரம். ஆறாவது நிமிடம் அங்கிருந்து நெடுஞ்செழியன் சிவப்பு அட்டையை உயர்த்தினார். அது அரசிக்குத் தெரியாது, தோழிக்கு மட்டும்தான் தெரியும். பதினாறு வருடமாக எத்தனையோ பிள்ளைகளுக்கு அதே அட்டையைக் காட்டியவர் ருக்மிணி. கட்டைவிரலால் ஒரு சைகை செய்திருந்தால் போதும், அக்கா நிறுத்தியிருப்பார்.

ருக்மிணி அசையவில்லை. முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அக்காவைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

7.

முடிவுகள்:

அ. நெடுஞ்செழியன் அட்டையைக் கீழே போட்டார், அரங்கம் எழுந்து நின்று

ஆ. விளக்கு அணைந்தது. இருட்டிலிருந்து குரல் தொடர்ந்து

இ. பர்வதமே அட்டையை ஓரக்கண்ணால் பார்த்து, அந்த வரியோடு நிறுத்தி

மூன்றும் என் கற்பனை அல்ல. அரங்கத்துக்குள் இருந்த மூன்று பேர் சத்தியம் செய்து சொன்னவை. மற்றவர்களில் பாதிப் பேர் என்னோடு வரிசையில் நின்றார்கள், மீதிப் பேர் அடுத்து ஆடப்போகும் தங்கள் பிள்ளைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்செழியனைக் கேட்டால், அடுத்த வருடம் எல்லோருக்கும் ஐந்து நிமிடம்தான் என்கிறார். ருக்மிணியைக் கேட்டேன். "தோழி வெளிய சொல்ல மாட்டா" என்று மட்டும் சொன்னார். பர்வதம் அம்மாவோ, சாம்பார் சாதம் நன்றாக இருந்ததா என்று கேட்டார்.

எனக்கு முடிவு தெரியாது என்பது உண்மை. தெரிந்தாலும் எழுத மாட்டேன் என்பதும் உண்மை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் எங்கே நிற்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று யார் யாரோ முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.

என் கதையில் பர்வதம் அறுபத்தோராவது வரியில் இருக்கிறார். ஆறாவது அசையில் மூச்சு எடுத்திருக்கிறார். இன்னும் ஐம்பத்தோரு வரி பாக்கி. விளக்கை அணைப்பதானால் நீங்களே போய் அணையுங்கள். நான் மாட்டேன்.